அச்சில் தப்பில்லை

என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். போன டிசம்பரில் வந்தபோது அவள் அம்மாவுக்கு ஒரு பை நிறையச் சாக்லேட், பாட்டிக்கு மூட்டுவலித் தைலம், எனக்கு மூலை நசுங்கிய ஒரு அட்டைப்பெட்டி. "பழைய சாமான் சந்தையில கிடந்துச்சுப்பா. நாலு யூரோதான். இது சரியா வராதுன்னு விக்கிறவரே சொல்லித்தான் கொடுத்தாரு" என்றாள். வராது என்று தெரிந்தே வாங்கி வந்திருக்கிறாள். அப்பாவைப் பற்றி ஏதோ புரிந்துவைத்திருக்கிறாள்.

பெட்டிக்குள் மி-24. சோவியத் காலத்துத் தாக்குதல் ஹெலிகாப்டர், 72-க்கு ஒன்று அளவில், பிளாஸ்டிக்கில். முன்னால் படிக்கட்டு மாதிரி இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் இருக்குமே, அந்த டி வகை. கீழ்க்குமிழில் சுடுகிறவர், மேல்க்குமிழில் விமானி. அவர்களுக்குப் பின்னால் வயிற்றுக்குள் எட்டுப் படைவீரர்கள் உட்காரலாம். இரண்டு பக்கமும் கீழே தொங்குகிற குட்டை இறக்கைகள். வால்பாகத்தின் உட்புறத்தில் 1979 என்று புடைப்பெழுத்து. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய வேலைக்கு யாரையும் இப்போது கூண்டில் நிறுத்த வேண்டாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருஷமாக டூல் ரூம் வேலை. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற மோல்டு செய்வோம். மிக்ஸி ஜார் மூடி, ஸ்விட்ச் பெட்டி, பக்கெட் கைப்பிடி, மோட்டார் பம்பின் உள்விசிறி. உங்கள் வீட்டுக் குளியலறையில் நான் வெட்டிய இரும்பிலிருந்து வந்த ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்புண்டு. 2020 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருக்கமுடியாமல் மாடல் ஒட்ட ஆரம்பித்தேன். இது ஒன்பதாவது.

மற்றவர்கள் பெட்டியைத் திறந்தால் ஹெலிகாப்டரைப் பார்ப்பார்கள். எனக்கு மோல்டுதான் தெரியும். பாகங்கள் ரன்னரோடு, அதாவது அவற்றைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் குச்சிச் சட்டத்தோடு, ஒட்டியிருக்கிற விதம், உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைகிற கேட்டை எங்கே வைத்திருக்கிறான், வார்த்ததை வெளியே தள்ளுகிற எஜெக்டர் பின் எங்கே குத்தியிருக்கிறது, மோல்டு இடுக்கில் வழிந்த பிசிறு எவ்வளவு. இதில் பிசிறு கொஞ்சம் அதிகம்தான். சக்கரங்களைச் சுற்றி அப்பளம் மாதிரி மெல்லிசாகப் படர்ந்திருந்தது. மோல்டு தேய்ந்த காலத்தில் அடித்த சரக்கு. உடலின் இடதுபாதியும் வலதுபாதியும் அரை மில்லிமீட்டர் பொருந்தவில்லை. இதெல்லாம் எனக்குக் குறையாகவே படவில்லை. எமரி ஷீட்டும் பட்டியும் எதற்கு இருக்கின்றன?

உடம்பு முழுக்க ரிவெட்டுகள் புடைத்துக்கொண்டிருந்தன. பழைய மாடல்களில் எல்லாம் இப்படித்தான் இருக்கும். தகடுகள் சேருகிற கோடுகளும் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்பில் ஒரு கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும், அவ்வளவுதான் விஷயம். பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால் இரும்பில் முடி அளவு ஒரு வரப்பை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற அத்தனையையும் எடுக்க வேண்டும். இன்றைக்கு மின்பொறியால் இரும்பை அரிக்கிற ஸ்பார்க் மெஷின் அதை ராத்திரியில் தனியாகச் செய்துவிடும். அன்றைக்குப் பெரிய அளவில் மரத்தில் ஒரு மாதிரி செய்து, பாண்டோகிராஃப் என்கிற நகலெடுக்கும் மெஷினில் அதைத் தடவிக்கொண்டே சின்னதாக இரும்பில் வெட்டினார்கள். ஒரு கை மரத்தைத் தொடரும், மறுமுனையில் கட்டர் இரும்பைத் தின்னும். அதில் இத்தனை ரிவெட்டையும் ஒரே சீராகப் போட்டவன் கையை நான் குறை சொல்லமாட்டேன்.

சரி, அப்புறம் நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்தேன். அங்கேதான் விஷயம் கெட்டது.

நிஜ மி-24-இன் உடல் நீளம் 17.5 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 243 மில்லிமீட்டர் வரவேண்டும். எனக்கு வந்தது 231. முதலில் தொழில்புத்தி, பிளாஸ்டிக் சுருங்கியிருக்குமோ என்று நினைத்தது. பாலிஸ்டைரீன் ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும். நாங்கள் மோல்டிலேயே அதைக் கூட்டி வெட்டுவோம். கூட்ட மறந்திருந்தால்கூட ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் போயிருக்கும். 12 மில்லிமீட்டர் சுருங்குகிற பிளாஸ்டிக் இன்னும் பிறக்கவில்லை. ஆக வரைபடத்திலேயே 231 என்றுதான் இருந்திருக்கிறது. நிஜத்தில் அது 86 சென்டிமீட்டர் குறைச்சல்.

அடுத்து இறக்கை. மி-24-இன் இறக்கைகள் உடலிலிருந்து 12 டிகிரி கீழ்நோக்கித் தொங்கும். ராக்கெட் மாட்ட மட்டும் அவை இல்லை. வேகமாகப் போகும்போது மொத்த எடையில் ஏறக்குறைய கால்வாசியை அவைதான் தாங்குகின்றன. பெட்டியில் இருந்தவை அலமாரித் தட்டு மாதிரி நேராக நின்றன.

பிளேடுகள் இன்னும் மோசம். மேல் ரோட்டருக்கு, அதாவது தலைக்குமேல் சுற்றுகிற பெரிய விசிறிக்கு, ஐந்து பிளேடு. மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும், ரஷ்ய ஹெலிகாப்டர்களின் வழக்கம் அது. அமெரிக்கர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. குழப்பமாக இருந்தால் மல்லாந்து படுத்து சீலிங் ஃபேனைப் பாருங்கள். கீழேயிருந்து பார்க்கிற நமக்கு இடஞ்சுழி. மச்சிலிருந்து எட்டிப்பார்த்தால் வலஞ்சுழி. மி-24-உம் அதே திசைதான். பிளேடில் தடித்து உருண்ட விளிம்பு முன்னால் போகவேண்டும், மெல்லிசான விளிம்பு பின்னால் வரவேண்டும். பெட்டியில் இருந்த ஐந்தும் தலைகீழ். அப்படியே மாட்டினால் அது அமெரிக்க ஹெலிகாப்டரின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்ட ரஷ்யாக்காரன்.

கடைசியாக, சாய்வு. இதை நான் மகளிடம் தொலைபேசியில் விளக்கியதுபோலவே இங்கும் சொல்லிப்பார்க்கிறேன். ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றினால் உடம்பு இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் விசிறி வாலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வால் திரும்பாமல் நின்றுவிட்டது, நல்லது. ஆனால் தள்ளுகிற விசை எங்கே போகும்? அந்தரத்தில் நிற்கிற முழு ஹெலிகாப்டரும் மெதுவாக இடப்பக்கம் நகரும். இதைச் சரிக்கட்ட, மி-24-ஐ வடிவமைத்த மாஸ்கோவின் 'மில்' நிறுவனத்துக்காரர்கள் மேல் ரோட்டரையே 2.5 டிகிரி வலப்பக்கம் சாய்த்து வைத்துவிட்டார்கள். அதனால் மி-24-ஐ நேர் எதிரே நின்று பார்த்தால் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். என் பெட்டியில் இருந்தது தூக்குக்குண்டு வைத்துக் கட்டிய சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"நிஜமாவே சாஞ்சிருக்காப்பா? நான் போய்ப் பாக்கட்டுமா?" என்றாள். விடுமுறை முடிந்து போனவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்லினில் காட்டோ பகுதியிலுள்ள பழைய விமானத் தளத்துக்குப் போனாள். அங்கே ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி ராணுவம் வைத்திருந்த மி-24 அங்கே நிற்கிறது. நேர் முன்னால் நின்று, மூக்கின் உயரத்துக்குக் கேமராவை வைத்து எடு என்று சொல்லியிருந்தேன். பனியில் முட்டி போட்டு எடுத்திருக்கிறாள். படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, கோணமானி வைத்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்தது. நாற்பது முறை வேறு இடங்களில் படித்த விஷயம்தான். இருந்தாலும் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படத்தை வேலை இடத்திலும் இடைவேளையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கணக்குப் பார்க்கிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளில் வந்தவர். டீயோடு வந்து எட்டிப்பார்த்தார். நம் விமானப்படைக்கு 1984-இல் இதன் ஏற்றுமதி வகையான மி-25 வந்தது. அமைதிப்படையோடு அங்கே போனது. 1995-இல் இலங்கை விமானப்படையே மி-24 வாங்கியது. "இதின்ர சத்தம் எனக்குத் தெரியும் அண்ணை" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது நான் அந்தப் படத்தை எடுப்பதில்லை.

வேலைக்கு வருவோம். நீளத்தை நான் தொடவில்லை. 12 மில்லிமீட்டரும் ஒரே இடத்தில் குறைந்திருந்தால் வாலை வெட்டித் துண்டு வைத்திருப்பேன். மூக்கில் மூன்று, நடுவில் நாலு, வாலில் ஐந்து என்று பரவலாகக் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்வதற்குப் பதில் புதிதாகவே ஒன்று செதுக்கிவிடலாம். கண் அதைக் கண்டுபிடிக்காது, வெர்னியர்தான் கண்டுபிடிக்கும். வெர்னியரை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

சாய்வு சுலபமாக முடிந்தது. ரோட்டர் மேடை 20 மில்லிமீட்டர் அகலம். 2.5 டிகிரிக்கு ஒரு பக்கம் 0.87 மில்லிமீட்டர் தூக்கவேண்டும். மேடையை ரம்பத்தால் அறுத்து, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் 0.87, மறுபக்கம் பூஜ்யம் வருகிற ஒரு சீவலை இழைத்து நடுவில் வைத்தேன். எங்கள் தொழிலில் இது தினசரி வேலை. இறக்கைகளை வேரோடு வெட்டி, 12 டிகிரிக்கு அட்டையில் ஒரு அணைப்பு செய்து, அதில் சாய்த்து ஒட்டினேன். இடுக்குகளுக்குக் கடைப் பட்டி எதுவும் வாங்கவில்லை. மாடலின் ரன்னரையே துண்டுதுண்டாக்கித் தின்னரில் போட்டால் இரண்டு நாளில் கூழாகிவிடும். அதே பிளாஸ்டிக், அதே கடினம். தேய்க்கும்போது ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியாது.

பிளேடுகளுக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொன்றிலும் தடித்த விளிம்பை மெலியவைத்து, மெலிந்த விளிம்பை உருட்டி, ஐந்தும் ஒன்றுபோல வரும்வரை தேய்த்தேன். அதோடு முடியவில்லை. நிஜ மி-24-இன் ரோட்டர் 17.3 மீட்டர் குறுக்களவு. நிறுத்திவைத்திருக்கும்போது அவ்வளவு நீளப் பிளேடுகள் தம் எடையிலேயே தொங்கி வளைந்திருக்கும். பெட்டியில் வந்தவை ஸ்கேல் மாதிரி நேர். பிளாஸ்டிக்கை வளைக்க ஆவி போதும், ஆவிக்கு வீட்டில் இட்லிப் பானை இருக்கிறது. ஞாயிறு காலை மூடியைத் திறந்து பிளேடைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்துவிட்டாள். "என்னங்க, இட்லி வேகணுமா, அது வேகணுமா? ஒண்ணு சொல்லுங்க." அது என்றேன். அன்றைக்கு இட்லி கல் மாதிரி இருந்தது, பழி முழுக்க எனக்கு.

கண்ணாடிக் குமிழ்களில்தான் நான் வழுக்கினேன். மஞ்சளேறி, தடித்துப்போயிருந்தன. 2000 நம்பர் எமரியை ஈரமாக்கித் தேய்த்து, பித்தளைப் பாலிஷ் போட்டு, ஓரளவு தெளிய வைத்தேன். மூன்று நாள் வேலை. பிறகு அவசரத்தில், ஐந்து ரூபாய்க் குழாயில் வருகிற சட்டென ஒட்டும் பசையை வைத்து ஒட்டிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் குமிழுக்கு உள்ளே வெள்ளைப் புகை படிந்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பசையின் ஆவி செய்கிற வேலை அது. பிளாஸ்டிக்கில் முப்பது வருஷம் இருந்தவன் இதை அறியாமல் இருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒட்டுகிற வேலை கிடையாது, அச்சடித்து எடுத்துக்கொடுப்பதோடு சரி.

அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, தேக்குத் துண்டில் இரண்டு குமிழ்களின் வடிவத்தையும் செதுக்கினேன். தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டியின் மூடி நல்ல தெளிவான பெட் பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் கிடுக்கியால் பிடித்து அடுப்புக்கு மேலே சூடுகாட்டி, தளர்ந்ததும் தேக்கின்மேல் இழுத்து அமுக்கவேண்டும். ரொம்ப நேரம் காட்டினால் பால் மாதிரி வெளுத்துவிடும். இரண்டு மூடி அப்படி வெளுத்தது. மூன்றாவது நன்றாக வந்தது. பெட்டியோடு வந்த கண்ணாடியைவிட மெல்லிசு. உள்ளே நாற்காலி, கடிகாரமெல்லாம் தெரிகிறது. தெரிகிறபோது அந்தக் கடிகாரங்களைச் செய்யாமல் விட்டது உறுத்துகிறது. விட்டுவிட்டேன்.

பெயின்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே பச்சையும் மண்நிறமும், அடியில் வெளிர்நீலம். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் நாற்பது வருஷத்தில் டீக்கறை மாதிரிப் பழுப்பேறியிருந்தன. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி நாலு நாள் வெயில் காட்டினேன். வெளுத்துவிட்டது. சென்னை வெயிலுக்கு வேறு என்ன வேலை.

இவ்வளவு தப்பு எப்படி வந்தது என்பதை வேலை நடக்கும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். மி-24 முதலில் பறந்தது 1969 செப்டம்பரில். எழுபதுகளில் மேற்கு நாடுகளில் அதைத் தொட்டுப்பார்த்தவர் யார்? கிழக்கு ஜெர்மனியில் தூரத்திலிருந்து எடுத்த, புள்ளிபுள்ளியான படங்களைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார்கள். 1985 ஜூலையில் ஆப்கானிஸ்தான் விமானப்படையின் இரண்டு மி-25-கள் பாகிஸ்தானில் போய் இறங்கின. 1988 ஜூனில், லிபிய ராணுவம் சாட் நாட்டுப் பாலைவனத்தில் விட்டுவிட்டுப்போன ஒன்றை அமெரிக்கர்கள் சினூக் ஹெலிகாப்டருக்கு அடியில் தொங்கவிட்டு இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு ஹெலிகாப்டரை அளந்து பார்க்க அவ்வளவு பாடு. 1979-இல் மேஜைமேல் பேப்பரை விரித்த டிராயிங் ஆபீஸ்காரருக்குப் புகைப்படத்தில் 2.5 டிகிரி தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் படம்பிடித்தவன் கேமராவைச் சாய்த்துவிட்டான் என்று நினைத்து நிமிர்த்தித்தான் வரைந்திருப்பார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. வால் விசிறி. முதலில் வந்த ஏ வகை மி-24-இல் அது வாலின் வலப்பக்கம் இருந்தது. பிறகு திறன் கூடும் என்று இடப்பக்கம் மாற்றினார்கள். இரட்டைக் குமிழ் டி வகையில் இடப்பக்கம்தான். (மி-8-இல் வலம், மி-17-இல் இடம் என்று அதே நிறுவனம் இன்னொரு முறையும் மாற்றியது. இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல அதுதான் சுலபமான வழி.) என் பெட்டியில் விசிறிக்கான ஓட்டை வலப்பக்கம் இருந்தது. பழைய வகையின் படத்தைப் பார்த்துத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் ராத்திரி வால் துடுப்பின் இடப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு சாய்வாக விழுந்தது. ஒரு வட்டம் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு, முடியைவிட மெல்லிசான கோடு. விரலால் தடவினால் தட்டுப்படவில்லை. எஜெக்டர் பின் தடமாக இருக்கமுடியாது, அது உள்பக்கம் அல்லவா வரும். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அது பிளக்.

மோல்டு தெரியாதவர்களுக்கு: பிளாஸ்டிக்கில் ஓட்டை வேண்டுமென்றால் இரும்பில் ஒரு பின் நிற்கவேண்டும். அந்த ஓட்டை வேண்டாம் என்று பிற்பாடு சொன்னால் பின்னைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் ஒரு இரும்புத் துண்டை இறுக்கி, மட்டமாகத் தேய்த்துவிடுவோம். எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் சுற்றிலும் ஒரு முடிக்கோடு பிளாஸ்டிக்கில் விழும். அடிக்கிற ஒவ்வொரு பீஸிலும் விழும்.

அதாவது முதலில் ஓட்டை இடப்பக்கம்தான் இருந்திருக்கிறது. சரியான பக்கம். பிறகு யாரோ வலப்பக்கப் படம் ஒன்றைக் காட்டியிருக்கவேண்டும், அல்லது நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த படமாக இருக்கலாம். மாற்று என்று ஒரு தாள் டூல் ரூமுக்கு வந்திருக்கிறது. டூல் ரூம்காரன் மாற்றியிருக்கிறான்.

எனக்கு 2009-இல் இதே நடந்தது. பம்பு மூடி ஒன்றுக்கு மோல்டு. வரைபடத்தில் நாலு ஓட்டை, நாலும் சரியாக வெட்டினேன். வாடிக்கையாளரிடமிருந்து ரிவிஷன் பி, அதாவது திருத்திய வரைபடம், வந்தது: ஒரு ஓட்டையை எட்டு மில்லிமீட்டர் தள்ளு. அப்படித் தள்ளினால் போல்ட் மோட்டாரில் இடிக்கும் என்று சொன்னேன். "அண்ணே, தாள்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க" என்றான் அங்கிருந்து வந்த பையன். பிளக் அடித்தேன், தள்ளி வெட்டினேன். ஐந்து வாரம் கழித்து ரிவிஷன் சி. பழைய இடத்துக்கே கொண்டுவா. வீணான பீஸ்களுக்குக் காசை எங்கள் பில்லில்தான் பிடித்தார்கள். இன்றைக்கும் அந்த மூடியைக் கடையில் பார்த்தால் பிளக்கின் வட்டம் தெரியும். நான் மட்டும் பார்ப்பேன்.

இந்த மாடலை அடித்தவர்களுக்கு ரிவிஷன் சி வரவேயில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு வால் துடுப்பில் எமரி படவிடவில்லை. பெயின்ட்டையும் அங்கே மெல்லிசாகவே விட்டேன். வேலையெல்லாம் முடிந்து, சக்கரம் மாட்டி, ரோட்டரை ஏற்றி அலமாரிமேல் வைத்தபோது மனைவி தூரத்திலிருந்து பார்த்து, "எல்லாம் நல்லாருக்கு. மேல அந்த ஃபேன் மட்டும் கொஞ்சம் கோணலா ஒட்டிட்டீங்க" என்றாள். 0.87 மில்லிமீட்டரை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் குக்கர் விசில் வந்தது.

பாக்கி இருந்தது வால் விசிறி ஒன்றுதான். எங்கே ஓட்டை போடுவது என்று கிழக்கு ஜெர்மனிப் படங்களையெல்லாம் பரப்பி அளந்து பென்சிலில் ஒரு பொட்டு வைத்திருந்தேன். லென்ஸில் பார்த்தேன். வட்டத்தின் மையத்துக்கும் என் பொட்டுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். என் பொட்டை அழித்துவிட்டு அவனுடைய மையத்தில் ஊசியால் குத்தினேன். ஒன்றரை மில்லிமீட்டர் டிரில்லைக் கைப்பிடியில் மாட்டி, விரலால் உருட்டி உருட்டி இறக்கினேன். விசிறி போய் உட்கார்ந்தது. வலப்பக்க ஓட்டையை ரன்னர் கூழ் வைத்து அடைத்தேன்.